பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வேண்டுமா?

1885இல் லண்டனின் லின்லி அண்டு பிக்ஸ் நிறுவனம் ‘விப்பெட்’ என்றொரு சைக்கிளுக்குக் காப்புரிமை எடுத்தது. ஹேண்டில்பார், சீட், பெடல் மூன்றும் அதில் ஒரே முக்கோணமாகப் பிணைந்திருந்தன. அந்த முக்கோணத்துக்கும் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே வலுவான ஸ்பிரிங் ஒன்று இருந்தது. சாலைக் கல் சக்கரத்தைத் தூக்கி அடித்தாலும் ஓட்டுபவரின் கைக்கும் இடுப்புக்கும் காலுக்கும் இடையிலான தூரம் மாறாது. இன்று ஃபுல் சஸ்பென்ஷன் என்று விற்கப்படும் மலை சைக்கிளின் அடிப்படை எண்ணம் இதுவேதான். அக்காலத்து டயர் கெட்டி ரப்பர். சாலையோ ஜல்லி. எனவே ஸ்பிரிங்குக்குத் தேவை இருந்தது. ஆனால் 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் வசித்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே அந்த டயரைப் பூட்டிக்கொண்டு வில்லி ஹியூம் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் ஜெயித்தார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஸ்பிரிங் சட்டம் வைத்த சைக்கிள்கள் வழக்கொழிந்தன. இரண்டு அங்குல ரப்பர் குழாய்க்குள் அடைத்த காற்று அவற்றின் வேலையைக் குறைந்த எடையில், குறைந்த செலவில், பழுது பார்க்கும் தொல்லை இல்லாமல் செய்து முடித்தது.

இந்தப் பழைய கதையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மலை சைக்கிளின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் அதைப் பெரும்பாலும் ஓர் ஏணியாகவே காட்டுகிறார்கள். முதலில் எந்த ஸ்பிரிங்கும் இல்லாத சைக்கிள், பிறகு முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங் வைத்த ஹார்டுடெயில், கடைசியில் இரு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த ஃபுல் சஸ்பென்ஷன். இப்படிச் சொன்னால் ஹார்டுடெயில் நடுப்படியில் நின்றுபோன ஒன்றாகவும், அதை வாங்குகிறவர் பணம் போதாதவராகவோ பழமை விரும்பியாகவோ தோன்றுவார். வரலாறு அப்படி நேராக ஏறவில்லை. ஸ்பிரிங் முதலில் வந்தது, டயரிடம் தோற்றது, நூறு ஆண்டு கழித்து மோட்டார் சைக்கிள்காரர்கள் கையால் மறுபடி வந்தது. பின்சக்கர ஸ்பிரிங்கின் மதிப்பு எப்போதும் ஒரே கணக்கில்தான் தீர்ந்திருக்கிறது: டயரும் ஓட்டுபவரின் கால்களும் தாங்கியது போக அந்தத் தரையில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது? மிச்சம் பெரிதாக இருந்த இடத்தில் அது ஜெயித்தது. சிறிதாக இருந்த இடத்தில் சுமையாகவே இருந்தது. ஒற்றையடிப் பாதையில் ஓட்ட எந்த சைக்கிளை வாங்குவது என்ற இன்றைய கேள்விக்கும் இந்தக் கணக்குதான் பதில்.

1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊரை ஒட்டிய மலையில், சார்லி கெல்லியும் நண்பர்களும் ஓர் இறக்கப் பந்தயத்தைத் தொடங்கினார்கள். ரீபேக் என்று பெயர். சுமார் மூன்றேகால் கிலோமீட்டர் மண்பாதை, அதற்குள் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். அவர்கள் ஓட்டியவை 1930களிலும் 40களிலும் வந்த பழைய ஷ்வின் எக்ஸல்சியர் போன்ற சைக்கிள்கள். முன்னாலும் ஸ்பிரிங் இல்லை, பின்னாலும் இல்லை. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்குக்குள் இருந்த கிரீஸ் கீழே வந்து சேர்வதற்குள் உருகிப் புகைந்துவிடும். அவர்களில் ஒருவரான கேரி ஃபிஷரின் சாதனை நேரம் 4 நிமிடம் 22 விநாடி. கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு 45 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. இருபது கிலோவுக்கும் மேல் கனத்த, செய்தித்தாள் போடும் பையன்கள் ஓட்டிய வகை சைக்கிளில் இந்த வேகம் எப்படிச் சாத்தியமானது? ஒரு காரணம், 1933இல் ஷ்வின் அறிமுகப்படுத்திய 26 அங்குலம், 2.125 அங்குல அகலம் கொண்ட பலூன் டயர். இன்னொன்று, முன்சக்கரம் நன்றாக முன்னே தள்ளி நிற்கும்படி சாய்ந்த ஃபோர்க்கும் நீளமான சட்டமும். 1977இல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிதாக ஒரு சட்டம் செய்தபோது அந்தப் பழைய எக்ஸல்சியரின் கோணங்களைத்தான் பின்பற்றினார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்வித்து விற்ற ஸ்டம்ப்ஜம்பர், இந்தச் சிறு கூட்டத்தின் விளையாட்டை எல்லா ஊர்க் கடைக்கும் கொண்டுபோனது. அதிலும் ஸ்பிரிங் கிடையாது. அவர்கள் முன் வேறு வழி இல்லையே, இது எப்படிச் சான்றாகும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஸ்பிரிங்கையும் டயரையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து அவர்கள் டயரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் கல் அதிகமில்லாத மண் இறக்கத்தில் அகலமான டயரும் சரியான கோணமும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ரீபேக் ஓர் அளவுகோல்.

ஸ்பிரிங்கை மறுபடி கொண்டுவந்தவர்கள் மோட்டார் சைக்கிள் உலகத்துக்காரர்கள். பால் டர்னர் 1989இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் வழியாக ஆர்எஸ்-1 என்ற முன்ஃபோர்க்கை விற்கத் தொடங்கினார். அது மொத்தமே 48 மில்லிமீட்டர் அமுங்கும். 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்ட் அந்த வகை ஃபோர்க்கோடு இறக்கப் பந்தயத்தை வென்றார். அதன்பின் முன்ஃபோர்க்குக்கு எதிர்ப்பு நீடிக்கவில்லை, சில ஆண்டுகளில் அது எல்லா சைக்கிளிலும் ஏறிவிட்டது. பின்சக்கரத்தின் கதை வேறு. 1969இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சாம்பியனான மெர்ட் லாவில் வடிவமைத்த பின் சஸ்பென்ஷன், கேரி ஃபிஷர் பெயரில் 1990களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. கேனண்டேல், ட்ரெக் என்று பெரிய நிறுவனங்களும் இறங்கின. ஆனால் தூர ஓட்டப் பந்தயக்காரர்களும் சாதாரண ஓட்டக்காரர்களும் நெடுநாள் அவற்றை நம்பவில்லை.

இந்தத் தயக்கத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. முன்சக்கரம் உருள்கிறது, திரும்புகிறது, அவ்வளவுதான். பின்சக்கரத்தையோ செயின் இழுக்கிறது. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு ஸ்பிரிங்கை அமுக்கவோ நீட்டவோ பார்க்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் உடம்பின் எடையே அதை மேலும் கீழும் ஆட்டும். மோட்டார் சைக்கிளில் இது பெரிய கவலை இல்லை, எஞ்சினிடம் சக்தி மிச்சம் இருக்கிறது. மனிதக் காலிடம் மிச்சம் இல்லை. 1990களின் நடுவில் வந்த ட்ரெக் ஒய் வகை சட்டங்கள் இந்த ஆட்டத்தை அடக்க ஒரு குறுக்கு வழி கண்டன. பெடல் அச்சையே பின்சக்கரத்தோடு ஒட்டிய பகுதியில் வைத்துவிட்டார்கள். செயின் நீளம் மாறாது, ஆட்டம் குறையும். ஆனால் பெடல் மேல் எழுந்து நின்றவுடன் ஓட்டுபவரின் எடை பின்பகுதியில் இறங்கி ஸ்பிரிங் விறைத்துப் போகும். இறக்கத்தில் எல்லாரும் எழுந்துதான் நிற்பார்கள். ஸ்பிரிங் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது வேலையை நிறுத்திவிடும். 1885இலேயே விப்பெட் சீட்டையும் பெடலையும் ஒரே பக்கம் வைத்துத் தவிர்த்திருந்த பிழை இது. அந்த வகை சைக்கிளை ஓட்டிப் பார்த்துவிட்டு ஹார்டுடெயிலுக்கே திரும்பியவர்கள் சரியாகத்தான் முடிவெடுத்தார்கள்.

தீர்வு பல கைகளில் மெதுவாக வந்தது. ஆஸ்திரியாவில் பிறந்த மோட்டார் சைக்கிள் பொறியாளர் ஹார்ஸ்ட் லைட்னர், பின் அச்சுக்குச் சற்று முன்னே, பின்சட்டத்தின் கீழ்க்குழாயில் ஒரு கீல் வைத்தார். செயின் இழுப்பும் பிரேக் இழுப்பும் ஸ்பிரிங்கின் வேலையில் தலையிடுவது அதனால் குறைந்தது. அந்தக் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்டு 1998இல் வாங்கிக்கொண்டது. 2000களில் டேவ் வீகல் வேறொரு வழியில் போனார். மிதிக்கும்போது உடம்பு பின்னால் சரிவதால் ஸ்பிரிங் அமுங்கப் பார்க்கும் அல்லவா, அதே அளவுக்குச் செயின் இழுப்பு அதை நீட்டும்படி இணைப்புகளின் இடங்களைக் கணக்கிட்டார். அவருடைய அமைப்பு கொண்ட அயர்ன் ஹார்ஸ் சைக்கிளில் சாம் ஹில் 2006, 2007 இரண்டு ஆண்டும் இறக்கப் பந்தய உலக சாம்பியன் ஆனார். இறக்கப் பந்தயத்தில் விவாதம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. அங்கே மிச்சம் மிகப் பெரிது, கால்களும் டயரும் அதைத் தாங்க முடியாது. அங்கே யாரும் ஹார்டுடெயிலுக்காக வாதாடவில்லை, வாதாட ஒன்றும் இல்லை. உண்மையான சோதனைக்களம் ஏற்றமும் இறக்கமும் கலந்த தூர ஓட்டம். சாதாரண ஓட்டக்காரர் போகும் பாதைக்கு நெருக்கமானதும் அதுதான்.

அந்தப் பந்தயம் 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நுழைந்தது. நெதர்லாந்தின் பார்ட் பிரெண்ட்யென்ஸ் ஹார்டுடெயிலில் 2 மணி 17 நிமிடத்துக்கு மேல் ஓட்டித் தங்கம் வென்றார். 2004இலும் 2008இலும் பிரான்ஸின் ஜூலியன் அப்சலோனும் ஹார்டுடெயிலில்தான் வென்றார். இத்தனைக்கும் நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்கள் அப்போதே இருந்தன. ஸ்பெஷலைஸ்டின் எபிக், தரையிலிருந்து அடி வந்தால் மட்டும் திறந்து மற்ற நேரம் பூட்டிக்கொள்ளும் வால்வோடு 2000களின் தொடக்கத்திலேயே கடைக்கு வந்துவிட்டது. பிறகு 2012இல் லண்டன் ஒலிம்பிக். ஹேட்லி ஃபார்ம் மலைச்சரிவில் பாறைகளைக் கொண்டுவந்து அடுக்கி ஒரு தடத்தைச் செயற்கையாகக் கட்டியிருந்தார்கள். செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி எபிக் ஓட்டினார், சுவிஸ் வீரர் நினோ ஷூர்ட்டர் ஹார்டுடெயில் ஓட்டினார். கடைசிச் சுற்றில் குல்ஹாவி ஒரே விநாடி வித்தியாசத்தில் தங்கத்தைப் பறித்தார். பந்தயம் முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. நான்கு ஆண்டுக்குப் பின் ரியோவில் ஷூர்ட்டர் தங்கம் வென்றபோது அவரும் ஃபுல் சஸ்பென்ஷனில் இருந்தார்.

ஏணிக் கதைக்காரர்கள் இதைத் தங்கள் பக்கச் சான்றாக எடுத்துக்கொள்வார்கள்: தொழில்நுட்பம் கனிந்தது, ஹார்டுடெயில் தோற்றது. ஆனால் ஒரு விநாடியை வைத்து ஒரு வகை சைக்கிளே தோற்றது என்று சொல்ல முடியாது. அதே லண்டன் பந்தயத்தில் இத்தாலியின் மார்க்கோ ஃபொன்டானா கடைசிச் சுற்றில் சீட்டே கழன்று போன நிலையிலும் வெண்கலம் வாங்கினார் என்பதையும் நினைவில் வைக்கலாம். 1996க்கும் 2012க்கும் நடுவே சைக்கிளைவிடப் பந்தயம்தான் அதிகம் மாறியது. இரண்டேகால் மணி நேரம் ஒன்றரை மணியாகக் குறுகியது. தொலைக்காட்சிக் கேமராவுக்காகச் சுற்றுகள் சிறிதாயின. நீண்ட மண் ஏற்றங்கள் போய், அடுக்கிய பாறைகளும் செங்குத்துச் சரிவுகளும் வந்தன. தரை முரடானது, மிச்சம் கூடியது, பின்சக்கர ஸ்பிரிங்குக்குக் கூலி கிடைத்தது. அப்சலோனின் காலத்தில் ஹார்டுடெயில் சரி. ஷூர்ட்டரின் ரியோவில் ஃபுல் சஸ்பென்ஷன் சரி. இரண்டு தீர்ப்பும் ஒரே சட்டப்படிதான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. பந்தயக்காரர் விநாடிக்காக ஓட்டுகிறார், வார இறுதியில் காட்டுப் பாதைக்குப் போகிறவருக்கு அந்த விநாடியால் என்ன பயன்? பயன் உண்டு, ஆனால் பலர் தேடும் இடத்தில் இல்லை. ஏற்றத்துக்கு ஹார்டுடெயில், இறக்கத்துக்கு ஃபுல் சஸ்பென்ஷன் என்று ஒரு வாய்ப்பாடு எல்லார் வாயிலும் இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. வழவழப்பான ஏற்றத்தில் ஹார்டுடெயில் சிறந்தது, சந்தேகமில்லை. அதே விலை சைக்கிள்களில் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையும் குறைவு. ஆனால் வேரும் கல்லும் நிறைந்த ஏற்றத்தில் ஹார்டுடெயிலின் பின்சக்கரம் ஒவ்வொரு வேரிலும் துள்ளும். துள்ளிய கணம் பிடிப்பு இல்லை, மிதித்தது வீண். பின்சக்கரம் தரையோடு ஒட்டியே உருள்வதுதான் ஸ்பிரிங் தரும் முதல் லாபம், சொகுசு அதன் பின்னால் வருவது. சீட்டில் அமர்ந்தபடியே முரட்டு ஏற்றத்தை மிதித்து முடிக்க முடிகிறது. இறக்கத்திலும் ஸ்பிரிங் தருவதாகப் பலர் நினைக்கும் மென்மையைவிட முக்கியமானது சமநிலை. ஹார்டுடெயிலில் முன்ஃபோர்க் மட்டும் அமுங்குவதால் ஒவ்வொரு 20 மில்லிமீட்டர் அமுக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரு பாகை வீதம் முன்பக்கம் செங்குத்தாகும். 100 மில்லிமீட்டர் அமுங்கினால், 65 பாகையில் சாவகாசமாக நின்ற சைக்கிள் 70 பாகைக்கு நிமிர்ந்து ஓட்டுபவரை ஹேண்டில்பாருக்கு மேலே தள்ளப் பார்க்கும். இரு பக்கமும் சேர்ந்து அமுங்கும் சைக்கிளில் கோணம் இந்த அளவுக்குக் குலையாது. இதனால்தான் ஹார்டுடெயிலில் 140 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஃபோர்க் அரிதாகவே நன்றாக ஓடுகிறது.

இந்த இடத்தில் டயர் மறுபடி கதைக்குள் வருகிறது. 1999இல் மாவிக் நிறுவனம் டயர் உற்பத்தியாளர்களோடு சேர்ந்து ட்யூப் இல்லாத மலை சைக்கிள் டயர் முறையைக் கொண்டுவந்தது. ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும் பயம் போனதால், முன்பு 35, 40 பிஎஸ்ஐ அடைத்த இடத்தில் இன்று இருபது சொச்சம் போதும். 29 அங்குலச் சக்கரம் 2000களில் பரவியது. பெரிய வட்டம் அதே கல்லைக் குறைந்த கோணத்தில் சந்திக்கும். பட்டனை அழுத்தினால் இறங்கும் சீட்போஸ்ட், இறக்கத்தில் கால்களை நன்றாக மடக்கி உடம்பையே ஸ்பிரிங்காக்க இடம் கொடுத்தது. பிரிட்டனில் காட்டிக், ஆன்-ஒன் போன்ற சிறு நிறுவனங்கள் நீண்ட ஃபோர்க்கும் சாய்ந்த கோணமும் கொண்ட ஸ்டீல் ஹார்டுடெயில்களைச் செய்து, அவற்றை முரட்டு இறக்கத்திலும் ஓட்டலாம் என்று காட்டின. டன்லப்பின் காற்று செய்ததன் தொடர்ச்சிதான் இவை. அப்படியானால் டயரை இன்னும் பெரிதாக்கினால் ஸ்பிரிங்கே வேண்டாமே? 2010களின் நடுவில் சிலர் முயன்றார்கள், 3 அங்குல டயர் போட்ட ஹார்டுடெயில்கள் கொஞ்ச காலம் ஓடின. பிறகு டயர்கள் 2.4, 2.6 அங்குலத்துக்கே திரும்பின. காரணம் எளிது. டயருக்குள் இருக்கும் காற்று அமுங்கும், ஆனால் வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கும், பந்தைப் போல. சிறு கற்களின் நடுக்கத்தை அது விழுங்கிவிடும், முழங்கால் உயரப் பாறைப் படியில் எகிறும். எகிறலை அடக்க எண்ணெய் நிரப்பிய டேம்பர் வேண்டும். டயர் ஒருபோதும் தீர்க்க முடியாத மிச்சம் அங்கேதான் தொடங்குகிறது.

தரையின் வரலாறோ ஒரே திசையில் போகவில்லை. வான்கூவர் அருகே நார்த் ஷோர் காடுகளில் ஈரமான வேர்களும் மரப் பலகைப் பாலங்களும் நிறைந்த தடங்கள் 1990களில் உருவானபோது சைக்கிளுக்கு மேலும் மேலும் ஸ்பிரிங் தேவைப்பட்டது. அதே மாகாணத்தில் விஸ்லர் பைக் பார்க்கின் ஏ-லைன் போன்ற தடங்களை இயந்திரம் வைத்து வெட்டி, மேடுகளையும் வளைவுகளையும் வழித்துச் செதுக்கினார்கள். இந்த மாதிரி வழவழப்பான தடங்கள் பிறகு உலகம் முழுக்கப் பரவின. ஸ்பிரிங் அமைப்புகள் கனிந்த அதே காலத்தில், ஸ்பிரிங்கே அதிகம் வேண்டாத தடங்களும் பெருகின என்பது வேடிக்கை. மேட்டை அமுக்கி வேகம் எடுக்கும் இந்தப் பாதைகளில் ஓட்டுபவர் காலால் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பகுதியைப் பின் ஸ்பிரிங் தின்றுவிடும். மண்மேட்டில் தாவி விளையாடும் சைக்கிள்கள் இன்றும் பெரும்பாலும் ஹார்டுடெயில்களாகவே இருப்பது அதனால்தான்.

ஹார்டுடெயில் ஆதரவாளர்கள் முன்வைக்கும் ஒரு வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அது ஓட்டக் கற்றுக்கொடுக்கும், ஃபுல் சஸ்பென்ஷன் சோம்பேறியாக்கும் என்கிறார்கள். தப்பான வழியை எடுத்தால் ஹார்டுடெயில் உடனே தண்டிக்கிறது, உண்மை. ஆனால் முரட்டுத் தடத்தில் சரியான வழியை எடுத்தாலும் தண்டிக்கிறது. கால் ஓய்ந்த பிறகு யாரும் எதையும் கற்பதில்லை. ரீபேக்காரர்கள் ஸ்பிரிங் இல்லாமல் ஓட்டியது கிடைக்காததால்தான். டர்னரின் ஃபோர்க்கும் லாவிலின் சட்டமும் வந்தபோது அவற்றை முதலில் வரவேற்றவர்களில் கேரி ஃபிஷரும் ஒருவர். முதுகுவலி உள்ளவருக்கும் ஐம்பது வயதைத் தாண்டியவருக்கும் இந்தக் கற்பித்தல் வாதத்தைச் சொல்வது அநியாயம்.

பண வாதம் வேறு ரகம், அதைத் தட்ட முடியாது. பின் ஷாக்கின் காற்றறை சீல்களை ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், டேம்பருக்குத் தனிக் கணக்கு, கீல்களில் இருக்கும் பேரிங்குகளுக்கு இன்னொரு கணக்கு. சேறும் மழையும் உள்ள ஊரில் இது இன்னும் சீக்கிரம் வரும். நம் ஊர்க் கடைகளில் வரிசையாக நிற்கும் மலிவு விலை சைக்கிள்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும். பின்னால் பளபளக்கும் சுருள் ஸ்பிரிங் இருக்கும், அதை அடக்க டேம்பர் இருக்காது. அந்த எடையைச் சுமந்து, மிதிக்கும்போதெல்லாம் ஆடி, கல்லில் எகிறும் அது 1990களின் எல்லாத் தவறுகளையும் ஒரே சட்டத்தில் சேர்த்தது. அதே காசுக்கு ஒரு நல்ல ஹார்டுடெயிலும் உருப்படியான முன்ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும் கிடைத்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. எண்ணெய் டேம்பரும் ஒழுங்கான இணைப்பும் கொண்ட பின் ஷாக்குக்குக் கொடுக்கும் அளவு பணம் இல்லாதவரை ஹார்டுடெயில்தான். பணம் இருந்தால், மண் தடமும் வெட்டிய வளைவுகளும்தான் வழக்கமான பாதை என்றால் அப்போதும் ஹார்டுடெயில்தான், அகல டயரோடு. வேர், பாறைப்படி, அமர்ந்து மிதிக்கும் முரட்டு ஏற்றம் இவை வாரம்தோறும் எதிரே வருகிறவர் 120 மில்லிமீட்டரை ஒட்டிய ஃபுல் சஸ்பென்ஷனுக்குப் போகலாம், அதற்கு மேல் போவது மலை உச்சிக்கு வண்டியில் ஏறி இறங்குகிறவர்களின் தேவை. நடுவில் நிற்பவர்களுக்கும் இப்போது வழி உண்டு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் யோலாண்டா நெஃப் தங்கம் வென்ற ட்ரெக் சூப்பர்கேலிபரின் பின்சக்கரம் 60 மில்லிமீட்டர் மட்டுமே அசைந்தது, 1989இல் டர்னர் முன்சக்கரத்துக்குக் கொடுத்ததைவிட 12 மில்லிமீட்டர் மட்டும் அதிகம்.